மூலிகை உருண்டை கொடுத்தால் கோழிக்குத் தடுப்பூசி வேண்டாமா?

கேள்வி, 28 ஜூலை 2023

செங்கம் பக்கம் 150 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். போன வருசம் வெள்ளைக் கழிச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டது. மூலிகை உருண்டை கொடுத்தால் தடுப்பூசியும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்று ஒரு வீடியோவில் அடித்துச் சொல்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா? கம்பெனி விற்கிற பொடி வேண்டாம், வீட்டுச் சரக்கிலேயே முடியுமா?

29 ஜூலை 2023

செய்து பார்த்தவன் எழுதுகிறேன். எங்களுக்குச் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். சுற்றிலும் லட்சக்கணக்கில் முட்டைக்கோழி, நடுவில் நான் 600 நாட்டுக்கோழியை வைத்துக்கொண்டு நாலு வருசமாக ஓட்டுகிறேன்.

2021 ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் வெள்ளைக் கழிச்சல் இறங்கியது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, ரெக்கை தொங்கி, காலையில் கதவைத் திறந்தால் குவியலாகக் கிடக்கும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அழுதார்கள். என் கொட்டகையில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த மாதம் முழுக்க நான் உருண்டை கொடுத்தேன். அம்மாயி சொன்ன சரக்கு: சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி. அம்மியில் அரைத்து, தவிட்டில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி வாயில் போடுவது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி மையம் சொல்லிக் கொடுப்பதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான்.

தீவனத்தில் கலப்பதானால் உலர்த்திப் பொடித்து, கிலோவுக்கு 50 கிராம். தாராளமாகக் கொடுங்கள்.

29 ஜூலை, இரவு

50 இல்லை. 5. ஐந்து கிராம். வீட்டுக்காரி படித்துவிட்டுச் சத்தம் போட்டாள். 50 கிராம் போட்டால் கோழி தீவனத்தைத் தொடாது. தொட்டாலும் அது மசாலா தடவி ஊற வைத்த கணக்குத்தான், அடுப்பு மட்டும் பாக்கி.

யாரும் இதற்குள் கலந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சின்ன வெங்காயம் விற்கிற விலைக்கு இந்த மாதம் மனுசனுக்கே உருண்டை கிடையாது.

1 ஆகஸ்ட் 2023

முதலில் எழுதியதில் பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 2021 பேட்ச் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரி கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது: 7-ம் நாள் எஃப்1 கண்ணில் ஒரு சொட்டு, 28-ம் நாள் லசோட்டா குடிதண்ணீரில், 8-வது வாரம் ரெக்கை அடியில் ஆர்.டி.வி.கே ஊசி. மூன்றும் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி மருந்துகள், மூன்றும் போட்டாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் மழை, அப்புறம்தான் நோய், அப்புறம்தான் உருண்டை.

நான் இத்தனை நாளாக ஊரெல்லாம் உருண்டைக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வேண்டுமென்று மறைக்கவில்லை. ஊசி போட்ட நாளன்று ஒன்றும் நடக்காது, அதனால் ஞாபகத்தில் நிற்காது. உருண்டையோ, அம்மியில் அரைத்து, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, வாயைத் திறந்து... அந்தப் பாடு ஞாபகத்தில் நிற்கிறது. பாடுபட்டதற்குப் பலன் இருந்தே ஆக வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.

6 ஆகஸ்ட் 2023

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லவே சங்கடமாக இருக்கிறது. அதே 2021-ல் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் 90 கோழி வைத்திருந்தார். அவருக்கும் உருண்டை அரைத்துக் கொடுத்தது எங்கள் அம்மாயிதான். அதே அம்மி, அதே கை, அதே கீழாநெல்லி. அவர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. மிஞ்சியது 11.

நேற்று வாய்க்கால் மேட்டில் அவரைப் பார்த்துக் கேட்டேன். "உங்க கோழிக்குக் குடுத்த உருண்டையில மிளகு ஜாஸ்தி போட்டிருப்பாங்க, எனக்குக் கம்மி" என்றார். ரெண்டு வருசமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் என் பக்கத்துக் கதையை நம்பிக்கொண்டிருந்தேன்.

செங்கத்து நண்பருக்கு: வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிகெட் நோய். வைரஸ். 1920-களின் கடைசியில் குமாவுன் மலையில் ராணிகெட் என்கிற ஊரில் பார்த்ததால் இந்தப் பெயர். வெளிநாட்டில் இதையே இங்கிலாந்தின் நியூகாசில் பெயரில் சொல்கிறார்கள். வந்த பிறகு தீர்க்கிற மருந்து கிடையாது, இங்கிலீஷ் மருந்திலும் கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுப்பது கூட வருகிற பாக்டீரியாவுக்கு. வராமல் தடுக்க நம்பக்கூடிய சங்கதி தடுப்பூசி. வருசா வருசம் மாசி ஒட்டிக் கால்நடைத் துறை ரெண்டு வாரம் முகாம் நடத்துகிறது, புறக்கடைக் கோழிக்குக் காசு வாங்குவதில்லை. பக்கத்து மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

குடிதண்ணீரில் லசோட்டா கொடுப்பவர்களுக்கு ஒரு சின்ன விசயம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் உயிருள்ள அந்த வேக்சின் அங்கேயே செத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, அதில் கலக்க வேண்டும். அன்று பூண்டுத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் நான் வைப்பதில்லை.

12 ஆகஸ்ட் 2023

"அப்படியானால் மூலிகையே தண்டமா?" என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தண்டம் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு இடத்தில்.

வைரஸை விடுங்கள். குடலுக்கு வாருங்கள். கோழி வளர்ப்பில் லாபமும் நட்டமும் குடலில்தான். ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்தால் மூக்கில் ஏறுகிற வாசனை தைமால். அதோடு உறவு கார்வக்ரால். ரெண்டும் பாக்டீரியாவின் மேல்தோலை ஓட்டை போடுகிற எண்ணெய்கள். உலகம் முழுக்கத் தீவனத்தில் விற்கிற ஓரிகானோ எண்ணெயின் சரக்கும் இதுதான். நம் வீட்டு வாசலில் வளர்கிற கற்பூரவல்லிதான் ஓரிகானோ. பட்டையில் சின்னமால்டிஹைடு. பூண்டில் அல்லிசின், நசுக்கினால்தான் வரும், வந்ததும் ஓடத் தொடங்கிவிடும்.

இவை கிருமியைக் கொல்வதோடு, செரிமான நீர் சுரப்பைக் கூட்டுவதாகவும் சொல்கிறார்கள். நான் கண்ணால் கண்டது கழிவு கொஞ்சம் கெட்டியாவது. கழிவு கெட்டியானால் கூளம் காய்ந்திருக்கும். கூளம் காய்ந்தால் அமோனியா நெடி குறையும். நெடி குறைந்தால் சளி குறையும்.

13 ஆகஸ்ட் 2023

கற்பூரவல்லி ஓரிகானோ இல்லை. கோபிச்செட்டிப்பாளையத்து ஆசிரியர் ஒருவர் திருத்தினார், நன்றி. ரெண்டும் புதினா, துளசிக் குடும்பம், வாசனை எண்ணெயில் அதே கார்வக்ரால், தைமால் இருக்கும், ஆனால் செடி வேறு. ஓரிகானோ மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, பீட்சாவில் தூவுவது. நம் கற்பூரவல்லி இலையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பத்து இலை கிள்ளிப் போட்டுவிட்டு எண்ணெய் கொடுத்த பலனை எதிர்பார்த்தால் கோழி சிரிக்கும்.

இதே மாதிரி இன்னொருவர், சீனாவில் மலேரியாவுக்கு எடுத்த அந்த ஆர்ட்டிமிசியா ரத்தக் கழிச்சலுக்கு (குடலில் ஒட்டுண்ணி வந்து ரத்தமாகக் கழிகிற வேறு நோய்) ஆகும் என்று படித்துவிட்டு, பூக்கடையில் மரிக்கொழுந்து வாங்கிப் போட்டிருக்கிறார். மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமிசியா இனம்தான். ஆனால் ஆர்ட்டிமிசினின் எடுப்பது அதன் அக்கா தங்கச்சி வேறொன்றில். அவர் கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டகை மட்டும் கல்யாண வீடு மாதிரி மணத்ததாம்.

15 ஆகஸ்ட் 2023

பல்லடத்தில் பிராய்லர் செட் வைத்திருக்கிற நண்பர் போனில் சொன்னது, பொதுவில் போடுகிறேன். ஆலையில் தீவனத்தைக் குருணையாக அழுத்தும்போது 80 டிகிரி ஆவி காட்டுகிறார்கள். ஓமத்தில் இருக்கிற எண்ணெய் அந்தச் சூட்டிலேயே பாதி பறந்துவிடும். அதனால்தான் கம்பெனிகள் எண்ணெயைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து விற்கின்றன. சூட்டிலும் தப்பும், மேல்குடலிலேயே உறிஞ்சப்படாமல் கீழ்க்குடல் வரைக்கும் போகும். நாம் மாவுத் தீவனம் கலக்கிறவர்கள், சூடு கிடையாது, அந்த ஒரு வசதி நமக்கு. ஆனால் அரைத்த பொடியை மூன்று மாதம் தகர டப்பாவில், அதுவும் கொட்டகைக் கூரைக்கு அடியில் வைத்தால் அதுவும் அதே கதைதான். நான் பதினைந்து நாளுக்கு மேல் அரைத்து வைப்பதில்லை.

அவர் விலாசம் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

20 ஆகஸ்ட் 2023

"ஐரோப்பாவில் கோழிக்கு ஆன்டிபயாடிக்கே கிடையாது, எல்லாம் மூலிகைதான்" என்று மேலே ஒருவர். அப்படி இல்லை. 2006 ஜனவரி 1 முதல் அங்கே நிறுத்தியது, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் தினமும் சிட்டிகை போடுகிறார்களே, அதை. நோய் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். ரத்தக் கழிச்சலுக்குத் தீவனத்தில் போடுகிற மோனென்சின், சாலினோமைசின் வகைகள் அங்கே இன்றும் நடக்கின்றன. நம் நாட்டில் 2019 ஜூலையில் கொலிஸ்டினைக் கோழி, கால்நடைக்குக் கொடுக்கத் தடை செய்தார்கள். மனுசனுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதைப் போய்க் குஞ்சு எடை ஏறுவதற்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தப் பழக்கம் ஆரம்பித்த கதை எனக்குப் பிடித்தமானது. 1948-ல் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்பவர் கோழிக்குஞ்சுக்கு பி12 வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார். ஆரியோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் தயாரித்து மிஞ்சிய புளித்த கழிவில் பி12 இருக்கிறது என்று அதைக் கொடுத்தார்கள். குஞ்சு பி12 கணக்குக்கு மேலேயே வளர்ந்தது. கழிவில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று அப்புறம் தெரிந்தது. அவர்கள் கையில் பி12 மட்டும் கொடுத்த குஞ்சுகளும் இருந்தன, அதனால் கண்டுபிடித்தார்கள். என் கையில் ஊசி மட்டும் போட்ட கோழி எங்கே இருந்தது? எல்லாவற்றுக்கும் ரெண்டையும் கொடுத்துவிட்டு அம்மாயிக்கு மாலை போட்டேன்.

2 செப்டம்பர் 2023

மிளகாய்த்தூள் பற்றிச் சண்டை நடக்கிறது, "வாயில்லா ஜீவனுக்குக் காரம் கொடுப்பது பாவம்" என்று. பாவம் எல்லாம் இல்லை, கோழிக்குக் காரம் தெரியாது. நம் நாக்கில் மிளகாயைச் சூடு என்று உணர்கிற ஏற்பி கோழியிலும் இருக்கிறது, ஆனால் மிளகாயின் கேப்சைசின் அதில் ஒட்டாது. 2002-ல் இதை நிரூபித்திருக்கிறார்கள். மிளகாய்ச் செடிக்கு விதையை மென்று நாசம் பண்ணுகிற எலி வேண்டாம், முழுசாக விழுங்கித் தூரத்தில் போடுகிற பறவை வேண்டும், அதற்கான ஏற்பாடு என்கிறார்கள்.

கிளி பச்சை மிளகாய் தின்பதைப் பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை. என் பங்குக்கு லாபம் ஒன்று: தீவன மூட்டை ஓரத்தில் மிளகாய்த்தூள் தூவி வைத்தால் அணில் வருவதில்லை. எலி வருகிறது. எங்கள் ஊர் எலி ஆந்திராவிலிருந்து வந்திருக்கும்.

24 செப்டம்பர் 2023

புரட்டாசி. ஒரு கோழி விற்காது. ஆடியில் வாங்கிப்போன ஆட்கள் போனையே எடுப்பதில்லை. இந்த ஓய்வில் ஜூக்ஸ் வேலை பார்க்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஒரே நாளில் பொரித்த 160 குஞ்சு. கொட்டகை நடுவில் கம்பி வலை. கிழக்கில் 80, மேற்கில் 80. எல்லாவற்றுக்கும் ஒரே தடுப்பூசி, ஒரே தீவனம். கிழக்குக்கு மட்டும் கிலோவுக்கு 5 கிராம் பொடி: ஓமம் 2, மஞ்சள் ஒன்றரை, பூண்டு 1, கொல்லிமலை மிளகு அரை. மிளகு ருசிக்கு இல்லை. மஞ்சளில் இருக்கிற குர்குமின் உடம்பில் எளிதில் ஏறாது, மிளகின் பைப்பரின் அதை ஏற விடும் என்பதற்காக. மஞ்சள் பொடியில் குர்குமினே நூற்றுக்கு 3 கிராம் மட்டில்தான், அதிலும் பாதி வந்த வழியே போனால் எதற்குப் போடுவது.

எட்டு வாரம் கழித்து எடை போட்டுச் சொல்கிறேன். பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டலாம். வீட்டுக்காரி வெறும் தீவனத்தின் மேல் கட்டியிருக்கிறாள்.

29 அக்டோபர் 2023

ரத்தக் கழிச்சல் வந்துவிட்டது. ஐந்தாவது வாரம், மழை, கூளம் நனைந்திருக்கிறது, வராமல் என்ன செய்யும். இந்தக் காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டை காய்ந்த கூளத்தில் சும்மா கிடக்கும், ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றத் தயாராகிவிடும்.

வியாழக்கிழமை காலையிலேயே மேற்குப் பக்கம் ரத்தம் பார்த்தேன். உடனே மருந்துக்குப் போகாமல் ரெண்டு நாள் பொடியை ரெண்டு பங்காக்கி ரெண்டு பக்கமும் கொடுத்துப் பார்த்தேன். பரிசோதனை வெறி. சனிக்கிழமை டாக்டரிடம் போகும்போது மேற்கில் 7, கிழக்கில் 4 போய்விட்டன. செத்த குஞ்சைக் கீறிக் காட்டினார். குடல்வால் ரெண்டும் ரத்தம் உறைந்து ரத்தப் பொரியல் மாதிரி. "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தால் பாதி நின்றிருக்கும்" என்று மட்டும் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கொடுத்தோம். கூளத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி. இதிலும் ஒரு தப்புப் பண்ணப் பார்த்தேன். சோர்ந்த குஞ்சு என்று பி காம்ப்ளெக்ஸ் சேர்த்துக் கலக்கப் போனேன். டாக்டர் தடுத்தார். ஆம்ப்ரோலியம் என்பது பி1 வைட்டமின் வேசம் போட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றுகிற மருந்து. கூடவே நிஜ பி1 கொடுத்தால் வேசம் கலைந்துவிடும். முதலில் மருந்து முடியட்டும், வைட்டமின் அப்புறம்.

11 குஞ்சு. அந்த ரெண்டு நாள் என் கணக்கில்.

19 நவம்பர் 2023

எடை. தராசு வைத்து ஒவ்வொன்றாக, கோணிப்பையில் போட்டு. கிழக்கு, மூலிகை: சராசரி 548 கிராம். மேற்கு, வெறும் தீவனம்: 521.

27 கிராம் வித்தியாசம், சாவும் கிழக்கில் குறைவு. நடுவில் ரெண்டு நாள் மேற்கும் பொடி தின்றிருக்கிறது, அதைத் தள்ளினாலும் வித்தியாசம் நிற்கிறது. வீட்டுக்காரி பந்தயக் காசைக் கொடுத்துவிட்டாள், ஐம்பது ரூபாய்.

20 நவம்பர் 2023

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலையில் மழையில் கொட்டகைக்குள் நின்றேன். மேற்கு மூலையில் ஓடு விலகித் தண்ணீர் சொட்டுகிறது. ரத்தம் முதலில் அங்கே பார்த்ததற்குக் காரணம் அதுதானே? மழை இல்லாத நாளில் சாயங்கால வெயில் முழுக்க மேற்குச் சுவரில்தான் அடிக்கிறது. மூலிகை ஜெயித்ததா, கிழக்கு ஜெயித்ததா?

இத்தனை வருசம் இதே கொட்டகையில் புழங்கியும் பக்கத்துக்குப் பக்கம் வேறு என்று தோன்றவில்லை. ஓட்டை அடைத்துவிட்டு அடுத்த பேட்சில் பக்கத்தை மாற்றிப் போடுகிறேன்.

3 டிசம்பர் 2023

புது 160 இறக்கியாயிற்று. மூலிகை இந்த முறை மேற்கில்.

இடையில் மக்காச்சோளம். ஒருவர் கல்லீரல் டானிக் எது நல்லது என்று கேட்டிருந்தார். அதற்கு முன்னால் உங்கள் சோளத்தை மோந்து பாருங்கள். மழையில் அடித்த சோளம், ஈரப்பதம் 13-க்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் வரும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழி செத்ததே, அதைத் துருவித்தான் இந்த விசத்தையே கண்டுபிடித்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்தது. கல்லீரலைத்தான் முதலில் அடிக்கும். அறுத்துப் பார்த்தால் வெளிறி, மஞ்சளாக, தொட்டால் உடைகிற மாதிரி இருக்கும்.

கீழாநெல்லி, மஞ்சள் எல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் கை கொடுக்கின்றன. மஞ்சள் கலந்து பிராய்லரில் செய்த ஆய்வுகளில் கல்லீரல் சேதம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. விசத்தையும் போட்டு டானிக்கும் ஊற்றுவதற்குச் சோளத்தை மாற்றுவது மலிவு. நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, மாதிரி கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். போன மாதம் என் சோளம் தேறவில்லை. விற்ற வியாபாரியிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "பேப்பர்ல விசம் இருக்கும், சோளத்துல இல்ல" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

10 டிசம்பர் 2023

"செடிதானே, கூடினால் என்ன" என்கிறவர்களுக்கு. வேப்பம் புண்ணாக்கைக் கூட்டிப் பாருங்கள், கசப்பில் தீவனம் எடுப்பது குறைந்து எடை இறங்கும். சூபாபுல் இலையில் மைமோசின், கூடினால் முட்டை குறைந்துவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் காசிபோலால் மஞ்சள் கரு பாசி நிறமாகிவிடும். எல்லாம் செடிதான்.

கரு நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு சின்ன விசயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: முருங்கை இலை. நிழலில் உலர்த்தி, தீவனத்தில் நூற்றுக்கு 3 சேர்த்தால் பத்து நாளில் கரு செம்மஞ்சளாகிறது. கோழியால் அந்த நிறத்தைத் தானாக உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் வர வேண்டும். குருணை அரிசி மட்டும் போடுகிறவர்கள் வீட்டு முட்டை வெளிறி இருப்பது அதனால்தான். சத்தியமங்கலம் பக்கம் ஒப்பந்தம் போட்டுச் செண்டுமல்லி விளைவித்துச் சாறு எடுப்பதும் பெரும்பாலும் இதே வேலைக்குத்தான். நிறம் ஏறினால் சத்து ஏறியது என்று சொல்லி விற்காதீர்கள். நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள், நான் மறுப்பதில்லை. அதுவும் ஒரு தப்புத்தான்.

28 ஜனவரி 2024

எடை போட்டாயிற்று. மேற்கு, மூலிகை: 530. கிழக்கு, வெறும் தீவனம்: 533. சாவு ரெண்டு பக்கமும் மூன்று மூன்று.

மூலிகைக்கு ஒன்றும் இல்லை என்று முதலில் எழுதி அழித்துவிட்டேன். மேற்குப் பக்கத்தால் 27 கிராம் நட்டம் என்றால், அந்த நட்டத்தை இந்த முறை மூலிகை ஈடு கட்டியிருக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டேன், மார்கழியில் வெயிலும் இல்லை. அப்போது மேற்குக்கு நட்டமே இருந்திருக்காது. ரெண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் இப்படித்தான்.

கணக்கு மட்டும் சொல்கிறேன். எட்டு வாரத்தில் ஒரு குஞ்சு 1.8 கிலோ தீவனம் தின்றது, அதில் பொடி 9 கிராம், செலவு மூணு ரூபாய் சொச்சம். நிஜமாகவே 27 கிராம் ஏறினால் லாபம். ஏறாவிட்டால் 80 குஞ்சுக்கு 250 ரூபாய் காற்றில். ஓட்டைச் சரி பண்ண ஆன செலவு 180.

ஒன்று மட்டும் ரெண்டு பேட்சிலும் மூலிகைப் பக்கம் நன்றாக இருந்தது, காலையில் கொட்டகை நெடி. தராசில் வராது. கண்ணைக் கட்டிவிட்டு மருமகனை உள்ளே விட்டேன், ரெண்டு முறையும் "இந்தப் பக்கம் பரவாயில்லை மாமா" என்று சரியாகக் காட்டினான். ஓம வாசனையை வைத்துக் கண்டுபிடித்திருப்பானோ என்று வீட்டுக்காரி கேட்கிறாள். இருக்கலாம்.

11 பிப்ரவரி 2024

பூண்டு கிலோ 400-ஐத் தாண்டிவிட்டது. இந்த பேட்சில் பூண்டு கிடையாது. ஓமமும் மஞ்சளும் மட்டும், அதுவும் முதல் மூன்று வாரத்துக்கும் மழை நாளுக்கும்.

அம்மாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்து பயந்துதான் சொன்னேன், அவர் வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று. வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார்.

"வருசா வருசம் தை மாசி வந்தா கோழி விழும் கண்ணு. நாலு தப்பும், அதை வெச்சு மறுபடி பெருக்கிக்குவோம். அப்பெல்லாம் ஊசி ஏது?"

"அப்புறம் உருண்டை குடுத்தோம்னு சொன்னீங்களே?"

"குடுத்தோம்னுதான சொன்னேன். பொழச்சுதுன்னு சொன்னனா?"

14 பிப்ரவரி 2024

செங்கத்து நண்பர் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில். ஆமாம், 150-க்கும் முகாமில் போடுவார்கள். போகும் முன் குடற்புழு நீக்கம் ஒரு வாரம் முந்தியே முடித்துவிடுங்கள். சோர்ந்திருக்கிற கோழிக்கு அன்று போட வேண்டாம். விடியற்காலையில் கூண்டிலேயே பிடித்து வைத்தால் துரத்துகிற வேலை இல்லை. மருந்து ஐஸ் பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள், கலக்கியதை ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

எங்கள் ஊர் முகாம் வெள்ளிக்கிழமை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் 60 கோழிக்குப் பேர் கொடுத்திருக்கிறார். மிளகு அளவைப் பற்றி இன்னும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.